இலவச மென்பொருளா? லைசென்ஸைப் பாருங்கள்!

பெரம்பலூர், அரியலூரில் டி.டி.பி. சென்டர் நடத்துவோரும் ப்ராஜெக்ட் செய்யும் மாணவர்களும் கவனிக்க: காசில்லாமல் கிடைப்பதெல்லாம் பொதுச்சொத்து அல்ல. ஆண்ட்ராய்டு போனுக்குள் இருக்கும் எஸ்.க்யூ.லைட் என்ற தரவுத்தள மென்பொருள், எழுதியவர்களே உரிமையை விட்டுக்கொடுத்தது. யாரையும் கேட்காமல் எதுவும் செய்யலாம். படங்களைத் திருத்தும் ஜிம்ப் அப்படியல்ல, பதிப்புரிமை எழுதியவர்களிடமே இருக்கிறது. ஜி.பி.எல். உரிமப்படி நகலெடுக்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் மாற்றியதைப் பிறருக்குக் கொடுத்தால் மூலநிரலும் அதே உரிமத்தில் போய்ச் சேர வேண்டும். பென்டிரைவில் காப்பி போடும்போது லைசென்ஸ் ஃபைலை அழித்துவிடாதீர்கள்.

நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் காசு வாங்கலாம். ஆனால் அதன் உரிமப்படி எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது. உரிமமே குறிப்பிடாத நிரல் என்றால், எழுதியவரிடம் அனுமதி வாங்கிய பிறகே ப்ராஜெக்டில் சேர்த்துக்கொள்ளுங்கள்.