சொல்ல வேண்டிய செய்தி

சென்னை மாநகரின் தென்பால் அமைந்த ஊர்களுள் கீழ்க்கட்டளையும் ஒன்று. அங்கிருந்து மேற்கே பல்லாவரத்தை அடைந்து, நெடுஞ்சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், குரோம்பேட்டைக்கு அப்பால் தாம்பரம் சானடோரியம் என்னும் இரயில் நிலையம் தோன்றும். மருத்துவமனை ஒன்றால் பெயர் பெற்ற நிலையம் அது. டாக்டர் டேவிட் சௌரிமுத்து என்பார் 1928ஆம் ஆண்டில் 12 படுக்கைகளுடன் காசநோயாளருக்கென அம்மருத்துவமனையைத் தொடங்கினார். 1937இல் அரசு அதனை ஏற்றுக்கொண்டது.

அந்நாளில் காசநோய் என்னும் சொல்லை வீட்டில் உரக்கச் சொல்ல அஞ்சினர். பெண் கொடுப்பாரும் கொள்வாரும் விலகிவிடுவரே என்று கருதி, 'வெறும் நெஞ்சுச் சளி' எனக் கூறி மறைத்த குடும்பங்கள் பல. நல்ல மருந்துகள் வந்த பின்னரே அவ்வச்சம் மெல்ல மெல்லக் குறைந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவர்தம் மாணவி டாக்டர் நிர்மலாவும் செய்த ஆய்வால், எச்.ஐ.வி. என்னும் நோய்க்கிருமி நம் நாட்டிலும் உண்டு என்பது முதன்முதலாகத் தெரியவந்தது. 1993 முதல் அந்நோயாளரும் தாம்பரத்தில் சேர்க்கப்பட்டனர். பழைய அச்சமும் மௌனமும் அவர்களோடு மீண்டும் அங்கே புகுந்தன. 2004 ஏப்ரல் முதல் நாள் அரசு இக்கிருமிக்கு எதிரான கூட்டுமருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கிய இடங்களுள் தாம்பரமும் ஒன்று. கிருமியை அடியோடு அழிக்கும் மருந்து அன்று. எனினும் நாள் தவறாது உண்பார் நெடுங்காலம் நலமுடன் வாழலாம். ஆகவே இன்று நோயைக் காட்டிலும் கடினமாக நிற்பது, அதனை வீட்டாரிடம் சொல்லுவதே எனலாம்.

கீழ்க்கட்டளையில் தச்சுத் தொழில் செய்யும் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். மனைவி, வயது முதிர்ந்த தாய், பதின்மூன்று வயது மகள் ஆகியோர் அவருடன் வாழ்கின்றனர். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் அவர் இரத்தத்தைச் சோதித்து, கிருமி இருப்பதாகக் கூறிவிட்டனர். வீடு திரும்பும் வழியெல்லாம் அவர் மனத்தில் ஒரே வினா: யாரிடம் சொல்வது? எவ்வாறு சொல்வது?

முதலில் அறிய வேண்டியவர் மனைவியே. இக்கிருமி உடலுறவாலும், இரத்தத்தாலும், தூய்மையற்ற ஊசியாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுவது. எனவே அவ்வம்மையாரும் காலந்தாழ்த்தாது சோதனை செய்துகொள்ளல் வேண்டும். சொல்லாமல் மறைத்தால் விளையும் கேட்டினைத் தம் வாழ்க்கையைக் கொண்டே நாட்டுக்கு உணர்த்தியவர் கௌசல்யா பெரியசாமி. அவர்தம் கணவர் தம் நிலையை அறிந்திருந்தும் கூறாமலே மணந்தார். மணமான சில வாரங்களில் தமக்கும் கிருமி தொற்றியதை அவர் அறிய நேர்ந்தது. அவரோ ஒடுங்கிப் போய்விடவில்லை. தம் நிலையை ஊரறியக் கூறினார். 1998இல் தம்மைப் போன்ற பெண்கள் சிலருடன் சேர்ந்து ஓர் அமைப்பையும் சென்னையில் நிறுவினார். அத்துணிவு எல்லார்க்கும் எளிதன்று. எல்லாரிடமும் அதனை எதிர்பார்த்தலும் முறையன்று.

மனைவியிடம் தனியே சொல்ல நா எழாவிடின், மையத்து ஆலோசகர் முன்னிலையில் சொல்லலாம். ஐயங்களை அங்கேயே கேட்டுத் தெளியலாம் என்பதால் இதுவே மேலானது என்பேன். 2017ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவரது நிலையை அவர் இசைவின்றிப் பிறர் வெளியிடுதல் கூடாது. துணைக்குத் தீங்கு நேரும் நிலையிலும் அவர் சொல்ல மறுப்பாராயின், அவருக்கு முன்னறிவித்த பின்னரே மருத்துவரோ ஆலோசகரோ துணைக்குத் தெரிவிக்கலாம். ஆனால், கிருமியுள்ள பெண் ஒருத்தி அதனால் அடிபடவோ வீட்டைவிட்டுத் துரத்தப்படவோ கூடும் என்று அஞ்ச இடமிருப்பின், அங்ஙனம் தெரிவித்தலையும் அச்சட்டம் தடுக்கிறது. ஒரே செய்தி ஆணுக்கு ஒரு விதமாகவும் பெண்ணுக்கு வேறு விதமாகவும் முடிவதைச் சட்டம் செய்தோர் அறிந்திருந்தனர் போலும்!

தாயின் நிலை வேறு. அவருக்கு உடனே தெரிவித்தே தீரவேண்டும் என்பதில்லை. மகன் விரும்பும்போது சொல்லலாம். சொன்னால் அம்முதியவர், "தட்டையும் குவளையையும் தனியே வைக்கட்டுமா, அப்பா?" என்று கேட்கலாம். கேட்பது வெறுப்பால் அன்று; அறியாமையால். ஒரே கலத்தில் உண்பதாலும், ஒரே பாயில் அமர்வதாலும், கொசுக் கடியாலும் இது பரவாது என்று அன்புடன் விளக்கினால் போதும். தென்னாப்பிரிக்கத் தலைவர் நெல்சன் மண்டேலா, 2005 சனவரியில் தம் மகன் மக்காத்தோ எய்ட்ஸ் நோயால் இறந்தார் என்பதை வெளிப்படையாக அறிவித்தார். காசநோயைப் போலவும் புற்றுநோயைப் போலவும் இதுவும் ஒரு நோயே எனப் பிறர் எண்ணவேண்டுமாயின் மறைத்தல் ஆகாது என்பது அவர் கருத்து. சிறையில் காசநோயால் வருந்தியவர் அவர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

மகளிடம் சொல்லுவதுதான் பெற்றோர்க்கு மிகவும் அரிது. குழந்தைக்கே கிருமி இருப்பின், பள்ளி செல்லும் வயதில், அதன் அறிவுக்கு ஏற்பச் சிறிது சிறிதாகத் தெரிவித்தல் வேண்டும் என்று உலக நலவாழ்வு நிறுவனம் 2011இல் நெறி வகுத்தது. "உன் இரத்தத்தில் காவற்காரர் உளர், இம்மாத்திரை அவர்களுக்கு வலிமை தருகிறது" என்று சிறு வயதில் தொடங்கலாம், நோயின் பெயரைப் பின்னர்க் கூறலாம். பெற்றோர் சொல்லாவிடினும், மருந்துப் புட்டியின் எழுத்தைப் படித்தோ அயலார் பேச்சைக் கேட்டோ பிள்ளை அறிந்துகொள்ளும். அப்போது நோயினும் பெரிதாக வருத்துவது, தன்னிடம் மறைத்தார்களே என்பதுதான்.

நம் தச்சரின் மகளுக்குக் கிருமி இல்லை என்றே கொள்வோம். எனினும் அவளும் அறிதல் நன்று. கிருமியால் பாதிக்கப்பட்ட குடும்பத்தின் காரியங்களைப் பொறுப்புடன் கவனிக்கும் பிள்ளை, பன்னிரண்டு வயது நிறைந்து மனமுதிர்ச்சியும் உடையதாயின், தம்பி தங்கையர்க்குக் காப்பாளராக நின்று பள்ளியில் சேர்க்கவும் மருத்துவம் பார்க்கவும் மேற்சொன்ன சட்டம் இடமளிக்கிறது. தச்சர் வீட்டில் அத்தகைய நிலை வரவில்லை. தந்தை மருந்து வாங்கத் தாம்பரம் செல்லும் நாளை நாட்காட்டியில் குறித்து வைப்பதும், இரவு உணவுக்குப்பின் மாத்திரையை நினைவூட்டுவதும் இப்போது அவள் பணி.