கடைசியாகத்தான் பிக்கப்

பேஸ் கிட்டாரில் சத்தம் நின்றுவிட்டால் எங்கள் பக்கத்து வாசிப்பாளர்கள் முதலில் சொல்வது, "பிக்கப் போயிருச்சுங்க." ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் கோவில் திருவிழாவுக்கும் கல்யாண வீட்டுக்கும் வாசிக்கிற இசைக்குழுக்களின் பழைய கிட்டார்களைத் திறந்து மூடிப் பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் போயிருப்பது பிக்கப் அல்ல, வேறு ஏதோ. மலையகத்தின் மேற்குச் சரிவில் ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரைத் தொடும் அளவுக்கு மழை கொட்டுகிற இடங்கள் இருக்கின்றன. மே மாதம் தொடங்கினால் செப்டெம்பர் வரை லயத்துச் சுவரே வியர்க்கும். அந்த ஈரம் முதலில் பிடிப்பது வயர் சொருகுகிற ஜேக்கை. அடுத்தது வொலியூம் கொன்ட்ரோலின் உட்தகட்டை. அதற்கடுத்து பிரிட்ஜுக்குக் கீழே ஓடும் எர்த் வயரை. பிக்கப்பின் முறை வருவதற்கு வெகுகாலம் ஆகும்.

அதனால் கிட்டாரைத் திறப்பதற்கு முன்பே ஒரு சோதனை. வொலியூமை முழுவதும் திறந்துவைத்து, ஜேக்கில் ஒரு வயரைச் சொருகி, அதன் மறுமுனையின் நுனியிலும் உடம்பிலும் மல்டிமீற்றரை வையுங்கள். பிரசிஷன் வகைப் பேஸ் என்றால் 10 அல்லது 11 கிலோ ஓம் காட்ட வேண்டும். ஜேஸ் வகையின் பிக்கப்பைத் தனியாக அளந்தால் 7, 8. பூச்சியம் காட்டினால் எங்கோ வயர் வயரோடு ஒட்டியிருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் ஜேக் அல்லது வயர். 250 கிலோ ஓம் அளவில் நின்றால்தான் சந்தேகம் பிக்கப்பின் மேல் திரும்ப வேண்டும். அந்த 250 வொலியூம் கொன்ட்ரோலின் சொந்த அளவு, பிக்கப்பின் உள்ளே இருக்கும் செப்புச் சுருள் அறுந்து கொன்ட்ரோல் மட்டும் தனியாக நிற்கிறது என்று அர்த்தம்.

இதில் எங்கள் ஊருக்கென்று ஒரு சங்கதி உண்டு. செம்பின் மின்தடை ஒரு பாகை குளிருக்கு ஏறத்தாழ 0.4 சதவீதம் குறையும். கொழும்பில் 30 பாகைச் சூட்டில் 11 கிலோ ஓம் காட்டிய சுருள், நுவரெலியாவின் காலைக் குளிரில் 12 பாகையில் பத்தேகால்தான் காட்டும். "கடைக்காரன் ஏமாத்திட்டான்" என்று சண்டைக்குப் போக வேண்டாம்.

மாமா ஒருவரின் பேஸ் என்னிடம் வந்தபோது அது 250இல் நின்றது. எழுபதுகளில் ஜப்பானில் செய்தது, பிரசிஷன் பேஸின் நகல், தலைப்பகுதியில் எழுதியிருந்த பெயர் எப்போதோ அழிந்துவிட்டது. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்ட காலத்தில் கொழும்பில் வாங்கியது. நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப் இசைப் பாட்டுகளை வாசிக்காத மேடை இல்லை என்றிருந்த நாட்கள் அவருடையவை. "மாப்ள, பயலுக புதுசு வாங்கச் சொல்றானுக. எனக்கு இந்தச் சாமான்தான் வேணும். உள்ள இருக்கறத மட்டும் மாத்திக் குடு" என்றார்.

மாற்றுவதற்கு முன் சுருளை ஒருமுறை நன்றாகப் பார்த்துவிடுங்கள் என்பேன். பிரசிஷன் பேஸ் 1951இல் வந்தபோது ஒற்றைச் சுருள்தான். 1957இல் லியோ ஃபென்டரின் கம்பனி அதை இரண்டாகப் பிளந்தது. தடித்த இரண்டு கம்பிகளுக்கு ஒரு பாதி, மெல்லிய இரண்டுக்கு மறுபாதி. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்திருப்பதால் ஒரு பாதி அறுந்தாலும் முழுதும் ஊமை. ஒவ்வொரு பாதியிலும் 42ஆம் நம்பர் செப்பிழை ஆயிரக்கணக்கான சுற்று. தலைமுடியளவு மெல்லிசு, 0.06 மில்லிமீற்றர்தான். இந்த இழை பெரும்பாலும் நடுவில் அறுவதில்லை. சுற்றி முடிந்து வெளி வயரோடு ஈயம் வைத்த இடத்தில் பச்சைக் களிம்பு பிடித்து அறும். பூதக்கண்ணாடி வைத்து, ஊசியால் ஒரு சுற்றைப் பிரித்தெடுத்து, எனாமலைச் சுரண்டி மறுபடி ஒட்டினால் பிழைத்துக்கொள்ளும். பொறுமை வேண்டும், அவ்வளவுதான். மாமாவுடையதில் அறுந்தது உள்பக்கம், காந்தத்தை ஒட்டிய முதல் சுற்றுகளில். காந்தத்தில் ஏறிய துரு இழையைத் தின்றிருந்தது. அங்கே ஊசி போகாது.

மறுபடி சுற்றலாமே என்று கேட்பீர்கள். மோட்டார் கொயில் சுற்றுகிற பட்டறைகளில் இவ்வளவு மெல்லிய இழை பொதுவாக இருக்காது. இருந்தாலும் இறுக்கம் பழகாத கையில் அது அறுந்துகொண்டே இருக்கும். வெளிநாட்டிலிருந்து புதுப் பிக்கப் எடுக்கலாம் என்றால், 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360ஐத் தொட்ட பிறகு அந்த எண்ணமே பலருக்கு விட்டுப்போயிற்று. நான் யாருக்கும் சொல்வது: உங்கள் பேஸ் அறுபதுகளில் அமெரிக்காவில் செய்த அசல் என்றால் எவ்வளவு செலவானாலும் பழைய சுருளைத்தான் உயிர்ப்பிக்க வேண்டும். ஜப்பான் நகல் என்றால் மாற்றுங்கள், தவறில்லை. ஆனால் நாளை ஒருவன் பழையபடி திருப்பி வைக்கும் விதமாக மாற்றுங்கள்.

அங்கேதான் உளி எடுக்கும் ஆசை வரும். எழுபதுகளின் ஜப்பான் பிக்கப்புகள் அமெரிக்க அளவுக்குச் சரியாக வருவதில்லை. ஒன்றிரண்டு மில்லிமீற்றர் கூடும், குறையும். ஸ்க்ரூத் துளையும் தள்ளியிருக்கும். மரத்தை இன்னும் கொஞ்சம் குடைந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடியும். முடியட்டும், ஆனால் குடைந்த மரம் திரும்பி வராது. வாங்குவதற்கு முன் குழியின் நீளம், அகலம், ஆழம், இரண்டு துளைகளுக்கு இடைத்தூரம் எல்லாவற்றையும் தாளில் வரைந்துகொண்டு புறக்கோட்டைக்கோ வேறெங்கோ போங்கள். கொஞ்சம் சிறிதாக இருந்தால் நல்லது. அடியில் ஸ்பொன்ஜ் வைத்துத் தூக்கலாம். பெரிதாக இருந்தால் வேறு தேடுங்கள். மாமாவுக்குச் சிறியதுதான் வைத்தேன். பிக்கப்புக்கும் மேல்தகட்டின் வெட்டுக்கும் நடுவே மெல்லிய இடைவெளி தெரிகிறது. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

சோல்டர் வேலையில் இரண்டு விஷயம். தகர வேலைக்காரர்களின் அமிலப் பசையைக் கிட்டாருக்குள் கொண்டுபோகவே கூடாது. எங்கள் ஈரத்தோடு அது சேர்ந்தால் ஒரே மழைக்காலத்தில் எல்லாம் பச்சையாகும். ரோசின் உள்ள ஈயம் போதும். இன்னொன்று, கொன்ட்ரோலின் முதுகில் எர்த் வயரை ஒட்ட 25 வொட் அயன் இந்தக் குளிரில் திணறும். அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால் கொன்ட்ரோலின் உள்ளே வெந்துவிடும். 40 அல்லது 60 வொட், சட்டென்று வைத்து எடுப்பது நல்லது. பழைய வயரை வெட்டாமல் ஈயத்தை உருக்கி விடுவித்துவிடுங்கள்.

இரண்டு பாதிகளையும் இணைக்கும்போது எதிரெதிர்ச் சுற்று, எதிரெதிர்க் காந்தம் என்ற கணக்கு குலையக் கூடாது. அதுதான் கரண்டின் 50 ஹேர்ட்ஸ் இரைச்சலை ஒன்றுக்கொன்று கழித்துவிடுகிறது. ஒரு பாதியைத் தலைகீழாக இணைத்தாலும் பேஸ் வாசிக்கும், நாலு கம்பியும் பேசும். வீட்டில் ஒன்றும் தெரியாது. திருவிழா மேடையில் சீரியல் பல்பும் டியூப் லைட்டும் ஜெனரேட்டரும் சேரும்போது உர்ரென்று கிளம்பும். முள் ஆடுகிற பழைய மீற்றர் ஒன்று இருந்தால் முன்கூட்டியே பிடிக்கலாம். அதை பிக்கப்பில் இணைத்து, இரும்பு ஸ்க்ரூட்ரைவரை ஒரு பாதியின் காந்தத்தில் ஒட்டிவிட்டு வெடுக்கென்று இழுங்கள். முள் ஒரு பக்கம் துள்ளும். மற்றப் பாதியிலும் அதே பக்கம் துள்ளினால் சரி. எதிர்ப்பக்கம் போனால் அந்தப் பாதியின் இரண்டு வயரையும் இடம் மாற்றுங்கள்.

இரைச்சல் பற்றிப் பேசும்போது எர்த்தை விடமுடியாது. கிட்டாரின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக அம்ப்ளிபையரின் எர்த்தோடு சேர்ந்திருக்கின்றன, அதாவது வாசிக்கிறவரின் கையும். கலாசார மண்டபங்களில், கோவில் மடங்களில் இழுத்த பழைய வயரிங்கில் எர்த் எங்கே போகிறது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. 1972இல் வேல்ஸின் ஸ்வான்சீ நகரில் ஸ்டோன் த குரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்தார். கையில் கிட்டார், எதிரில் மைக். இரண்டில் ஒன்றின் எர்த் பிழை என்றால் நடுவில் இருப்பது நீங்கள்தான். டெஸ்டர் ஒன்றைக் கிட்டார் பையிலேயே வைத்திருங்கள். பாடகர் உதட்டை வைப்பதற்கு முன் மைக்கின் வலையில் ஒரு தொடு தொடுங்கள். இரைச்சல் குறைகிறதே என்று பிளக்கின் எர்த் வயரைக் கழற்றிவிடுகிற ஆட்களை மேடைப் பக்கமே விடாதீர்கள்.

பிக்கப்பின் உயரத்தில் அவசரப்பட வேண்டாம். கடைசிக் கட்டையில் கம்பியை அழுத்திக்கொண்டு, தடித்த பக்கத்தில் 3 மில்லிமீற்றருக்குச் சற்றுக் குறைவு, மெல்லிய பக்கத்தில் 2 என்று தொடங்குங்கள். நெருக்கினால் சத்தம் கூடும், ஆனால் காந்தம் கம்பியைப் பிடித்து சுருதியைக் கலக்கும். இரண்டு பாதியும் ஒரே மட்டத்தில் பேசுகின்றனவா என்று பார்க்க இளையராஜாவின் எண்பதுகளின் பாட்டுகளைவிட நல்ல சோதனை எனக்குக் கிடைக்கவில்லை. அவருடைய பேஸ் மேலும் கீழும் நடந்துகொண்டே இருக்கும், ஒரு கம்பி மங்கினாலும் காட்டிக்கொடுத்துவிடும். எங்கள் பக்கம் வாசிக்கிற பைலாவில் அது தெரியாது.

மாமா வாசித்துப் பார்த்தார். "சத்தம் நல்லாத்தான் இருக்கு. ஆனா என் சத்தம் இல்ல" என்றார். பிக்கப்பைத் திரும்பக் கழற்றவில்லை. பேஸ் ஊமையாகக் கிடந்த காலத்தில் இசைக்குழுப் பிள்ளைகள் அதில் புதுப் பளபளப்புக் கம்பிகளைப் போட்டிருந்தார்கள். அவற்றை எடுத்துவிட்டு, அவர் ஒரு காலத்தில் வைத்திருந்த மாதிரி மழமழவென்ற தட்டைச் சுற்றுக் கம்பிகளைப் போட்டு, டோனைப் பாதிக்குக் குறைத்துக் கொடுத்தேன். மோட்டவுன் பாட்டுகளில் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962ஆம் ஆண்டுப் பிரசிஷனில் அப்படிப்பட்ட கம்பிகளை அறுந்தாலொழிய மாற்றியதே இல்லை. பிக்கப்பின் மேல் ஏற்றுகிற பழியில் பாதி கம்பிக்கும் விரலுக்கும் சேர வேண்டியது. மாமா மறுபடி வாசித்தார், தலையை ஆட்டினார், அம்ப்ளிபையரை இன்னும் கொஞ்சம் கூட்டச் சொன்னார்.

பழைய பிக்கப்பை, அதன் வயர்களோடும் ஸ்க்ரூக்களோடும், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலம் ஒன்றைச் சேர்த்து மூடியுள்ள டப்பாவில் போட்டேன். எந்த நிற வயர் எங்கே இருந்தது, எந்தப் பாதி அறுந்தது, மற்றது எத்தனை ஓம் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதி உள்ளே வைத்தேன். டப்பாவைக் கிட்டார் பையின் முன்பைக்குள் வைத்துக் கொடுத்தாகிவிட்டது. மழைக்காலத்துக்கு ஒருமுறை அந்தச் சிலிக்காவைச் சட்டியில் மெல்லச் சூடாக்கிக் காயவைக்கச் சொல்லியிருக்கிறேன்.