கூரைத் தண்ணீருக்கு வரிச் சலுகை: கடைக்காரர் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

சித்திரை, வைகாசியில் தண்ணீர் லாரிக்குப் பணம் எண்ணிக் கொடுத்த அதே கடைக்காரர், ஐப்பசியில் கீழ் வரிசை மூட்டைகளை அவசரமாக மேலே ஏற்றிக்கொண்டிருப்பதை நம் கடைவீதிகளில் ஆண்டுதோறும் பார்க்கிறோம். இரண்டு செலவும் ஒரே பேரேட்டில்தான் எழுதப்படுகின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்ப்பவர் குறைவு.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து உள்நாட்டுக்கு வந்தபோது, ஏற்காட்டில் ஒரே நாளில் 20 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. திருமணிமுத்தாறு பெருக்கெடுத்தது. மலையிலிருந்து இறங்கிய அந்த வெள்ளத்தை நம் கடைக்கூரைகள் தடுத்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் புயல் இல்லாத ஆண்டிலும், அரை மணி நேர மழைக்கே வாசற்படி வரை தண்ணீர் ஏறுகிறதே, அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி நம் கூரையிலிருந்தும் நாம் போட்ட சிமெண்டுத் தளத்திலிருந்தும் வந்ததுதான். அதை நம் எல்லைக்குள்ளேயே மண்ணில் இறக்கிவிட்டால் தெருவுக்கும் நன்மை, கிணற்றுக்கும் நன்மை. இதற்குச் செலவழிப்பவருக்கு அரசு ஏதாவது தருகிறதா, தரவேண்டுமா என்பதே இந்தக் கட்டுரையின் பொருள்.

பிற ஊர்களில் நடப்பது

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் பழைய பகுதிகளில் மழைநீரும் சாக்கடை நீரும் ஒரே குழாயில் ஓடுகின்றன. பெருமழை வந்தால் குழாய் தாங்காமல் கழிவு ஆற்றில் கலக்கிறது. 2010-இல் அந்த நகரம் வணிகக் கட்டடங்களுக்கான மழைநீர்க் கட்டணத்தை, தண்ணீர் மீட்டரைப் பார்த்துப் போடாமல், மண்ணை மூடியுள்ள பரப்பைப் பார்த்துப் போடத் தொடங்கியது. தண்ணீர் அதிகம் செலவழிக்காத கிடங்குக்காரருக்கும் வண்டி நிறுத்துமிடம் வைத்திருந்தவருக்கும் கட்டணம் ஏறியது, எதிர்ப்பும் வந்தது. 2011-இல் இருபத்தைந்து ஆண்டுத் திட்டம் ஒன்றை நகரம் அறிவித்தது. செடிப் பள்ளம், ஜல்லிப் படுகை, தண்ணீர் இறங்கும் தளம் ஆகியவற்றால் மழையை ஆங்காங்கே மண்ணில் வாங்கிக்கொள்வது அதன் நோக்கம். 2012 முதல், தம் சொந்த இடத்தில் இவற்றை அமைக்கும் வணிகருக்கு நகரமே மானியம் தந்தது. அமைத்து முடித்தவருக்கு மாதக் கட்டணமும் குறைந்தது. பதிலுக்கு உரிமையாளர் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். 2014-இல் மற்றொரு வழியும் வந்தது. சிறு இடங்கள் பலவற்றை ஒருவர் சேர்த்துக் கொண்டுவந்தால் மொத்தமாக மானியம் பெறலாம். நம் கடைவீதிக்குப் பொருந்துவது இந்தப் பிந்தைய முறைதான். காரணத்தைப் பின்னர் சொல்கிறோம்.

ஜெர்மனியின் பெர்லினிலும் 2000 முதல் மழைநீருக்கெனத் தனிக் கட்டணம் உண்டு. மண் மூடிய பரப்பு குறைந்தால் கட்டணமும் குறையும்.

அவ்வளவு தூரம் போவானேன்? பூனா மாநகராட்சி மழைநீர் சேகரிப்பு போன்ற வசதிகளில் ஒன்று வைத்தவருக்குச் சொத்து வரியில் 5 சதவீதமும், இரண்டு வைத்தவருக்கு 10 சதவீதமும் தள்ளுபடி தரும் முறையைக் கொண்டுவந்தது. டெல்லி குடிநீர் வாரியம் தண்ணீர்க் கட்டணத்தில் 10 சதவீதத் தள்ளுபடி வைத்தது. அங்கே அமைப்பு சரியாக உள்ளது என்ற சான்று வேண்டும். பெரிய மனையில் அமைப்பே இல்லையென்றால் கட்டணம் ஒன்றரை மடங்கு.

நம் மாநிலத்தில்

தமிழ்நாடு வேறு வழியில் போயிற்று. 2003 ஜூலையில் வந்த அவசரச் சட்டம், பழைய கட்டடம் புதிய கட்டடம் என்ற வேறுபாடின்றி எல்லாவற்றுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியது. செய்யாதவருடைய குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம். உள்ளாட்சியே அமைத்துவிட்டுச் செலவைச் சொத்து வரிபோல் வசூலிக்கலாம் என்றெல்லாம் இருந்தது. 2019-இல் வந்த கட்டட விதிகளும் இதைத் தொடர்ந்தன. இந்தியாவிலேயே இவ்வளவு விரிவாக இதைச் செய்த மாநிலம் வேறில்லை என்று பாராட்டியவர்கள் உண்டு. பாராட்டு நியாயமானதே. ஆனால் தண்டம் மட்டும் இருந்து சலுகை இல்லாத இடத்தில், கெடு முடிந்த மறுநாள் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

எங்கள் கதையையே சொல்லிவிடுகிறோம். 2003-இல் கெடு நெருங்கியபோது எங்கள் கிடங்கின் பின்கட்டில் மூன்றடிக்கு மூன்றடி, ஐந்தடி ஆழத்தில் ஒரு குழி தோண்டி, ஜல்லி கொட்டி மூடி போட்டோம். பார்க்க வந்தவர் பார்த்துவிட்டுப் போனார். அதன்மேல் பன்னிரண்டு ஆண்டு வெல்லச் சிப்பம் அடுக்கியிருந்தோம். தரையை மாற்றும்போது திறந்து பார்த்தால், ஜல்லி முழுவதும் சேறு பிடித்துக் கல்லாக இறுகிக் கிடந்தது. அதைவிட வெட்கக்கேடு, கூரைக் குழாய் அந்தக் குழிக்கு வரவே இல்லை. எப்போதோ ஒரு பழுது பார்த்தபோது குழாய்க்காரர் அதைத் தெருச் சாக்கடைக்குத் திருப்பிவிட்டிருந்தார். நாங்களும் கவனிக்கவில்லை.

கணக்கு

ஒரு சதுர அடிக் கூரையில் ஒரு செ.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் கிடைக்கும். ஆயிரம் சதுர அடிக்கு 930 லிட்டர். 5,000 சதுர அடி தகரக் கூரைக் கிடங்கில் 5 செ.மீ. மழை பெய்தால் 23,000 லிட்டருக்கு மேல் விழுகிறது. ஆவியாவது, சிதறுவது என்று ஐந்தில் ஒரு பங்கு கழித்தாலும் 18,500 லிட்டர் நிற்கும். 12,000 லிட்டர் லாரியில் ஒன்றரை நடை.

ஆண்டுக்கு என்று பார்ப்போம். சேலத்தில் சராசரி மழை ஏறத்தாழ 900 மி.மீ., நாமக்கல்லில் 700 சொச்சம். அதே கிடங்கின் கூரையிலிருந்து, கழிவு போக, சேலத்தில் 3,30,000 லிட்டர் வரையும் நாமக்கல்லில் 2,60,000 லிட்டர் வரையும் வரும். சேலத்துக்கு இருபத்தேழு லாரி, நாமக்கல்லுக்கு இருபத்தொன்று. தங்கள் ஊரில் லாரி என்ன விலை என்பதைத் தாங்களே பெருக்கிக்கொள்ளலாம். இவ்வளவும் கைக்கு வரும் என்று நாம் சொல்லவில்லை. பாதி மண்ணில் இறங்கினாலும் பெரிது.

இப்போது எங்கள் 2003 குழியைப் பாருங்கள். அதன் கொள்ளளவு 1,300 லிட்டர்கூட இல்லை. ஜல்லி அடைத்த இடம் போகத் தண்ணீருக்கு மிஞ்சியது அதில் பாதிக்கும் குறைவு. 18,500 லிட்டர் வரும் இடத்தில் அறுநூறு லிட்டர் குழி! சேறு பிடிக்காமல் இருந்திருந்தாலும் அது பெயருக்குத்தான்.

நம் பகுதி கடினப் பாறை நிலம். மேலே சிதைந்த மண்ணும் சரளையும், கீழே பாறை; தண்ணீர் நிற்பது பாறை வெடிப்புகளில். மேலோட்டமான குழியில் தண்ணீர் தேங்கி நிற்குமே தவிர எளிதில் இறங்காது. நான்கடி விட்டத்தில் உறை இறக்கி, பதினைந்தடி ஆழம் ஜல்லி நிரப்பாமல் விட்டால் 5,300 லிட்டர் பிடிக்கும். சரளை மட்டம் வரை போனால் இறங்கவும் செய்யும். பழைய கிணறோ வற்றிய போர்க்குழியோ இருந்தால், வடிகட்டித் தொட்டி வைத்துக் கூரைத் தண்ணீரை அதற்கே விடலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய்த் துளையிடுகின்றன. அந்தத் திருச்செங்கோட்டைச் சுற்றியே வற்றிய துளைகள் எத்தனை என்பது அவ்வூர்க்காரருக்குத் தெரியும். அவற்றுக்கு இப்படியும் ஒரு பயன் உண்டு.

ஓர் எச்சரிக்கை. கூரைத் தண்ணீரை மட்டுமே விடவேண்டும். முதல் மழையின் தூசித் தண்ணீரை வெளியே விட்டுவிட வேண்டும். தரை கழுவிய தண்ணீர், உரம், பூச்சிமருந்துக் கடைகளின் முற்றத்துத் தண்ணீர், வெள்ளிப் பட்டறைகளின் அமிலத் தண்ணீர் இவற்றில் ஒரு வாளிகூடக் குழிக்குள் போகக்கூடாது. மண்ணுக்குள் போன நஞ்சைத் திரும்ப எடுக்க வழியில்லை. பக்கத்து வீட்டுக் கிணறும் கெடும்.

வாடகைக் கடையில் யார் செலவு?

இதுதான் உண்மையான முடிச்சு. சொத்து வரி உரிமையாளர் பெயரில் வருகிறது. தள்ளுபடி கிடைத்தால் அவருக்கே போகும். தண்ணீர் லாரிக்குப் பணம் கொடுப்பவரும், சரக்கு நனைந்து நட்டப்படுபவரும் வாடகைதாரர். உரிமையாளருக்குக் குழி தோண்ட அவசரமில்லை, வாடகைதாரருக்குத் தோண்ட உரிமையில்லை. 2017-இல் இயற்றப்பட்ட நமது வாடகைச் சட்டம், ஒப்பந்தத்தில் வேறாக எழுதாதபோது, கட்டடத்தின் பெரிய பழுதை உரிமையாளரிடமும் வடிகால் துப்புரவை வாடகைதாரரிடமும் விடுகிறது. இதே வழியில், உறை இறக்குவது உரிமையாளர், ஆண்டுக்கொரு முறை சேறு எடுப்பது வாடகைதாரர், தள்ளுபடி வந்தால் பாதிப்பாதி என்று ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த புதுப்பிப்பின்போது இதைப் பேசிப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இன்னொரு தொல்லை, இடம். சேலம் செவ்வாய்ப்பேட்டை போன்ற பழைய கடைவீதியில் சுவரோடு சுவர் ஒட்டிய கடைகளில் நான்கடி உறைக்கு எங்கே போவது? பத்துக் கடைகள் சேர்ந்து பின்சந்தில் இரண்டு உறை இறக்கலாம். ஆனால் பத்துக் கடைக்கும் பொதுவான குழியைச் சலுகைக்கு எப்படி எண்ணுவது? பிலடெல்பியாவின் கூட்டு மானிய முறை பொருந்தும் என்றது இதனால்தான்.

செலவுக் கணக்கில் ஒன்றைக் கவனிக்கவும். ஜி.எஸ்.டி. சட்டப்படி அசையாச் சொத்தின் கட்டுமானத்துக்கு வாங்கிய பொருளுக்கு உள்ளீட்டு வரி வரவு கிடையாது. உறைக்கும் சிமெண்டுக்கும் கட்டும் வரி கைப்பணம்தான். விவரத்தைக் கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளவும்.

நாம் கேட்க வேண்டியது

சலுகை நம் உள்ளாட்சிக்குப் புதிதன்று. அரையாண்டு தொடங்கி முதல் மாதத்துக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம், ரூ.5,000-க்கு மிகாமல், குறைக்கிறார்கள். ஏப்ரலிலும் அக்டோபரிலும் வசூல் மையத்தில் வரிசை நிற்பதைப் பார்த்தால் அதன் பலன் தெரியும். அதே போன்ற ஒரு குறைப்பை வேலை செய்யும் மழைநீர் அமைப்புக்கும் கேட்கலாம் என்பது எங்கள் கருத்து. "வேலை செய்யும்" என்பதே இதில் முக்கியம். குழி உண்டா என்று கேட்டால் 2003-இல் எங்களைப் போல எல்லோரும் உண்டு என்போம். குழாய் குழிக்கு வருகிறதா, இந்த ஆண்டு சேறு எடுத்தீர்களா என்று கேட்டால்தான் சலுகைக்குப் பொருள் இருக்கும். மாநகராட்சிக்கு வருவாய் குறையுமே என்பார்கள். தெருவில் தேங்கிய தண்ணீரை இறைக்கும் செலவும் அவர்களுடையதுதானே என்று நாம் பதில் சொல்லலாம்.

வெறுங்கையோடு போய்க் கேட்க முடியாது. ஆகவே உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் ஒரு தாளில் கூரையின் சதுர அடி, குழி அல்லது உறையின் அளவு, கடைசியாகச் சேறு எடுத்த மாதம் ஆகியவற்றை எழுதி, புரட்டாசி முடிவதற்குள் சங்க அலுவலகத்தில் சேர்க்கவும். மழை பெய்யும்போது குழாயிலிருந்து தண்ணீர் விழுவதைப் படமெடுத்து இணைத்தால் நல்லது. குழியே இல்லாதவரும் கூச்சப்படாமல் இல்லை என்று எழுதலாம். அந்த எண்ணிக்கையும் தேவைப்படுகிறது. வாடகைக் கடையாயின் உரிமையாளரின் சொத்து வரி எண்ணையும் கேட்டு எழுதவும்.