ஐப்பசியில் விதை, மார்கழியில் பூ: வீட்டுக்குள் தக்காளி வளர்க்க ஒரு தொடக்கப் பாடம்



எங்கள் நசரத்பேட்டையில் வெளிவட்டச் சாலையும் பெங்களூரு நெடுஞ்சாலையும் சந்திக்கிற இடத்தைச் சுற்றி, முன்பு நெல் விளைந்த நிலங்களில் இப்போது அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன. அங்கே குடிவந்திருக்கிற இளைஞர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை என் தோட்டத்துக்கு வருவார்கள். அவர்கள் கேட்கிற முதல் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், எங்களுக்கு மொட்டை மாடி கிடையாது. வீட்டுக்குள்ளயே தக்காளி வளக்கலாமா?"

வளர்க்கலாம். ஆனால் இரண்டு விஷயம் சரியாக அமைய வேண்டும். ஒன்று ஜன்னல், இன்னொன்று மாதம். இந்த இரண்டையும் விட்டுவிட்டு விதை, உரம், தொட்டி என்று எவ்வளவு செலவு செய்தாலும் செடிதான் கிடைக்கும், காய் கிடைக்காது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, நஷ்டப்பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் செய்த தவறு

வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற புதிதில், பங்குனிக் கடைசியில் பத்துத் தக்காளி நாற்று வாங்கிவந்து வைத்தேன். செடி மதமதவென்று வளர்ந்தது. சித்திரையில் கொத்துக் கொத்தாகப் பூ. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். பத்தே நாளில் பூவெல்லாம் காம்போடு உதிர்ந்து கிடந்தது. விதை சரியில்லை என்று நாற்று விற்றவரைத் திட்டினேன். பஞ்சகவ்யா அடித்தேன், மோர்க் கரைசல் அடித்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

பக்கத்து நிலத்தில் களை எடுக்க வந்த அம்மா ஒருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "சித்திரையில தக்காளி வெச்சா பூ பாப்பீங்க சார், காய் பாக்க மாட்டீங்க. ராவுல குளிர்ச்சி வேணும் அதுக்கு." பட்டப்படிப்பும் முப்பது வருட உத்தியோகமும் சொல்லித்தராததை ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதற்குக் காரணம் இதுதான். தக்காளிப் பூ காயாக மாற, இரவு வெப்பநிலை 15 முதல் 20 டிகிரி வரை இருப்பது நல்லது. 24 டிகிரிக்கு மேல் போனால் மகரந்தம் வலுவிழக்கும், பூ உதிரும். சென்னையில் சித்திரை, வைகாசி இரவுகளில் 27, 28 டிகிரி சாதாரணம். மார்கழி, தையில்தான் 20, 21 வரை இறங்குகிறது. கான்கிரீட் வீட்டுக்குள் அதைவிட ஓரிரு டிகிரி கூடுதலாகவே இருக்கும். ஆக, நமக்குக் கிடைப்பது அந்த ஒரு சின்ன இடைவெளிதான். பூ அந்த நேரத்தில் வரும்படி பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

மாதக் கணக்கு

ஐப்பசி முதல் வாரம் விதைப்பு. கார்த்திகை பிறந்ததும் நடவு. மார்கழியில் பூ. தைக் கடைசியில் முதல் பழம். பங்குனி வரை அறுவடை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஐப்பசி, கார்த்திகை நமக்கு அடைமழைக் காலம். திறந்த வெளியில் நாற்று விட்டால் ஒரே ராத்திரி மழையில் நாற்றழுகல் வந்து படுத்துவிடும். செம்பரம்பாக்கம் ஏரிக்கு இந்தப் பக்கம் இருக்கிற எங்களுக்கு மழையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. மாடித்தோட்டக்காரர்கள் மழை முடியட்டும் என்று மார்கழியில் தொடங்குவார்கள். பூ வரும்போது மாசி முடிந்து வெயில் ஏறிவிடும்.

வீட்டுக்குள் வளர்ப்பவருக்கு இங்கேதான் ஒரு அனுகூலம். தலைக்கு மேல் கூரை இருப்பதால் மழைக்காலத்திலேயே நாற்று விட்டு, பனிக்காலத்தில் பூக்க வைக்க முடியும். "வீட்டுக்குள்" என்பதை ஒரு குறையாக நினைக்காதீர்கள். இந்த ஒன்றரை மாதத்துக்கு அதுதான் பலம்.

எந்த ஜன்னல்?

தக்காளிக்கு நேர் வெயில் குறைந்தது 6 மணி நேரம் வேண்டும். "ரூம் நல்லா வெளிச்சமா இருக்கு சார்" என்பது போதாது. நம் கண்ணுக்கு வெளிச்சமாகத் தெரிவது செடிக்குப் பட்டினி.

சென்னையில் புரட்டாசி முதல் மாசி வரை சூரியன் தெற்கே சாய்ந்து போகும். மார்கழியில் நண்பகலிலேயே உச்சிக்கு வராது, தெற்கு வானில் பாதிக்குச் சற்று மேலேதான் நிற்கும். அதனால் தெற்குப் பார்த்த ஜன்னலிலும் பால்கனியிலும் வெயில் உள்ளே விழும். சித்திரை பத்துத் தேதிக்கு மேல் ஆவணி பிறக்கும் வரை நண்பகல் சூரியன் நம் தலைக்கு வடக்கே போய்விடுகிறது. அப்போது அதே தெற்கு ஜன்னலில் வெயில் விழாது. அதாவது, தக்காளிக்கு ஏற்ற மாதங்களில்தான் தெற்கு ஜன்னலும் ஏற்றதாக இருக்கிறது.

தெற்கு இல்லாதவர்களுக்குக் கிழக்கு இரண்டாம் பட்சம். மேற்கு மூன்றாவது. வடக்கு ஜன்னல் மட்டும் இருந்தால் தக்காளியை விட்டுவிடுங்கள். புதினாவோ வெந்தயக்கீரையோ வையுங்கள், மனசு நோகாது.

விதை வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். தொட்டி வைக்கப்போகிற இடத்தில் ஒரு குச்சியை நிறுத்தி, காலை 8 மணி முதல் மணிக்கு ஒருமுறை பாருங்கள். நிழல் அழுத்தமாக விழுந்தால் ஒரு மணி நேரம் கணக்கில் வரவு. மங்கல் நிழலுக்கு வரவு கிடையாது. ஜன்னலுக்கு மேல் இருக்கிற சன்ஷேடும் பக்கத்துக் கட்டடமும் எவ்வளவு பிடித்தம் செய்கின்றன என்பது தெரிந்துவிடும். கொசுவலையும் வெளிச்சத்தைக் குறைக்கும். பகலில் அதைத் திறந்துவிட வழியிருந்தால் நல்லது.

விதையும் நாற்றும்

வீரிய ஒட்டு விதை வேண்டாம். அதிலிருந்து அடுத்த ஆண்டுக்கு விதை எடுத்தால் தாயைப்போல் வராது. நாட்டுத் தக்காளி கிடைத்தால் முதலிடம் அதற்கு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ரகங்களில் பி.கே.எம். 1, பெரியகுளத்தில் அண்ணஞ்சி என்ற உள்ளூர் ரகத்திலிருந்து உருவானது. மருதம் என்கிற கோ 3 குட்டையாக வளரும், தொட்டிக்கு ஏற்றது. வெயில் 5 மணி நேரம்தான் கிடைக்கிறது என்றால் செர்ரித் தக்காளி போடுங்கள். சின்னக் காய் என்பதால் கொஞ்சம் குறைந்த வெளிச்சத்திலும் ஏமாற்றாது.

விதையோடு ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, காகிதக் குவளையிலோ குழித்தட்டிலோ அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஐந்து முதல் எட்டு நாளில் முளைக்கும். முளைத்த அன்றே வெளிச்சத்துக்கு வர வேண்டும். ஒருநாள் தாமதித்தால்கூட நாற்று வெளிறி, நூல்மாதிரி நெட்டையாகப் போய்விடும்.

மூட்டம் போட்ட நாட்கள் நிறைய வரும். அதற்கு 20 வாட் வெள்ளை எல்.இ.டி. குழல்விளக்கு ஒன்றை நாற்றுக்கு அரை அடி உயரத்தில் தொங்கவிட்டு, தினம் 14 மணி நேரம் எரியவிடலாம். 25 நாளைக்கு 7 யூனிட்தான் ஆகும். ஆனால் இது நாற்றுக்கு மட்டும். இந்த ஒரு விளக்கை நம்பிக் காய் வரை போக முடியாது.

தொட்டியும் மண்ணும்

ஒரு செடிக்கு ஒரு பை. அகலம் ஒரு அடி, உயரம் ஒரு அடிக்குக் குறையக் கூடாது. அடியில் துளை இருக்கணும், கீழே தட்டு இருக்கணும். ஒரே பையில் மூன்று செடி வைத்தால் மூன்றும் சண்டை போட்டு, காய்ப்பு நின்றுவிடும்.

செம்மண் ஒரு பங்கு, மட்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. நார்க்கட்டியை அப்படியே போடாதீர்கள். அதில் உப்பு இருக்கும். ஊறவைத்து, இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்து பிறகு கலக்க வேண்டும். தோட்டக்கலைத் துறை மானிய விலையில் தருகிற மாடித்தோட்டத் தளையில் பை, நார்க்கட்டி, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்தே வரும். 2013-14ல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய திட்டம் அது. இப்போது கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

நடும்போது கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டு பாதி வரை மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடுங்கள். தக்காளித் தண்டில் மண் பட்ட இடமெல்லாம் வேர் விடும். கத்தரி, மிளகாய்க்கு இந்த வேலை ஆகாது.

தண்ணீரும் ஊட்டமும்

விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஊற்றுங்கள், ஈரமாக இருந்தால் விட்டுவிடுங்கள். நாலு நாள் மறந்துவிட்டு ஐந்தாம் நாள் வாளியோடு கொட்டினால் காய் வெடிக்கும். காயின் அடிப்பகுதி கறுத்து அழுகுவதும் பெரும்பாலும் இதனால்தான். சுண்ணாம்புச் சத்து மண்ணில் இருந்தாலும், தண்ணீர் சீராகப் போகாவிட்டால் காய்க்குப் போய்ச் சேராது.

எங்கள் பக்கம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பு. பையில் வெள்ளை பூத்தால் அது உப்புத்தான். ஐப்பசி மழைத் தண்ணீரைப் பிடித்து, கொசு புகாமல் மூடிவைத்து, வாரம் ஒருமுறையாவது அதை ஊற்றுங்கள். ஆர்.ஓ. எந்திரத்தின் கழிவுத் தண்ணீரை மட்டும் செடிக்கு விடாதீர்கள். உப்பையெல்லாம் ஒதுக்கித் தள்ளுகிற தண்ணீர் அது.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை பைக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம். பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். பால்கனியில் வைத்துச் செய்யுங்கள். நான் ஒருமுறை கூடத்தில் வைத்துத் தெளித்துவிட்டு, "வீடா, மாட்டுக்கொட்டாயா?" என்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். பூ எடுத்த பிறகு தழைச்சத்தைக் கூட்டாதீர்கள். இலை கொழுக்கும், காய் குறையும்.

பூவைத் தட்டிவிடுங்கள்

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கும். ஆனால் மகரந்தம் ஒரு குழாய்க்குள் அடைந்திருப்பதால், உலுக்கினால்தான் கொட்டும். வெளியே காற்று அதைச் செய்யும். தச்சுத் தேனீ போன்ற பெரிய தேனீக்கள் பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து உதிர்க்கும். வீட்டுக்குள் காற்றும் இல்லை, தேனீயும் இல்லை. அந்த வேலை நம் தலையில்.

காலை 9 முதல் 11 மணிக்குள், பூங்கொத்தின் காம்பை விரலால் லேசாகச் சுண்டிவிடுங்கள். தினம் ஒரு நிமிஷம் போதும். பேட்டரியில் ஓடும் பல் துலக்கும் பிரஷ் இருந்தால் அதைக் காம்பில் தொட்டாலும் போதும். "பூக்குது, காய்க்கல" என்று வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் சொல்வதில் பாதிக்கு இதுதான் மருந்து.

பூச்சி, நோய்

வெள்ளை ஈதான் முதல் எதிரி. இலைச்சுருள் வைரஸைக் கொண்டுவருவது அதுதான். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவிச் செடியருகே தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலத்தில் இலைக்கு அடியில் படும்படி தெளியுங்கள். இலை சுருண்டு செடி குட்டையாகிவிட்டால் அதற்கு மருந்தில்லை. பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடியாவது பிழைக்கும். பீடி, சிகரெட், புகையிலை தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் செடியைத் தொடாதீர்கள். புகையிலையில் இருக்கிற தேமல் வைரஸ் தக்காளிக்கும் ஒட்டும்.

வரவு செலவு

பழைய பழக்கம், கணக்கு எழுதாமல் இருக்க முடியாது. வீட்டுத் தெற்கு ஜன்னலில் போன பட்டத்தில் வைத்த 4 செடிக்கு என் நோட்டில் இருப்பது இது. பைகள் 240 ரூபாய். மண், உரம், நார்க்கட்டி 420. புண்ணாக்கு, டிரைக்கோடெர்மா, வேப்பெண்ணெய் 190. விதை 30. மொத்தம் 880 ரூபாய். கிடைத்த பழம் 5 கிலோ 200 கிராம். அப்போது கடையில் கிலோ 20 ரூபாய். வரவு 104 ரூபாய். நஷ்டம் 776. பைகள் மூன்று ஆண்டு வரும், மண்ணையும் புதுப்பித்துப் போடலாம், அடுத்த ஆண்டு செலவு குறையும். அப்படியும் லாபம் வராது. என் கூலியை நான் எழுதவே இல்லை.

அப்படியென்றால் எதற்கு இந்த வேலை? விஷம் தெளிக்காத பழம் என்பது ஒன்று. இன்னொன்றையும் சொல்கிறேன். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எங்கள் நெடுஞ்சாலை ஓரம் நின்றால், கிருஷ்ணகிரி, கோலார் பக்கமிருந்து தக்காளிப் பெட்டி அடுக்கிய லாரிகள் கோயம்பேட்டுக்குப் போவதைப் பார்க்கலாம். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது, சென்னை ரேஷன் கடைகளில் 60 ரூபாய்க்கு விற்கவேண்டி வந்தது. ஊரே பேசியது. அதே தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்கும் போகாமல், பறிகூலி கட்டாமல், உழவர்கள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிற மாதங்களில் அவ்வளவு பேர் பேசுவதில்லை.

ஜன்னலோரம் தினம் பூவைச் சுண்டி, ஒரு கிலோ பழம் எடுத்த என் பக்கத்து அடுக்குமாடித் தம்பி ஒருவர், இப்போது உழவர் சந்தையில் தக்காளிக்குப் பேரம் பேசுவதில்லை. நான் ஒன்றும் புத்தி சொல்லவில்லை.

விதையை விடாதீர்கள்

இரண்டாவது, மூன்றாவது கொத்தில் நன்றாகப் பழுத்த பழத்தைத் தேர்ந்தெடுங்கள். சதையோடு விதையை எடுத்து, கொஞ்சம் தண்ணீரில் இரண்டு நாள் புளிக்கவிட்டுக் கழுவி, சாம்பலில் புரட்டி, நிழலில் உலர்த்துங்கள். காகித உறையில் ரகம், தேதி எழுதிவையுங்கள். பாதியை இரண்டு பேருக்குக் கொடுங்கள். விதை நம் கையில் இருக்கணும் என்று நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்தார். அதற்கு ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டியதில்லை, ஒரு ஜன்னலும் போதும்.

இந்த ஐப்பசியில் நாலே நாலு செடி வையுங்கள், நாற்பது வேண்டாம். காய்த்தால் இதழுக்கு எழுதுங்கள். காய்க்காவிட்டால் அவசியம் எழுதுங்கள், எந்த மாதம் விதைத்தீர்கள், எந்த ஜன்னல் என்ற இரண்டையும் சேர்த்து.