பரிசுத்த ஆவியை ஈட்டுதல்

ஒருவர் தவறாமல் பிரார்த்திக்கிறார், உபவாசம் இருக்கிறார், வேதம் ஓதுகிறார், தானமும் செய்கிறார். ஆயினும் அவரது சொல்லில் கடுமை குறையவில்லை, உள்ளத்தில் அமைதி இல்லை. எந்தச் சமயத்தைச் சார்ந்த சாதகருக்கும் இந்நிலை நேரலாம். கிறிஸ்தவ மரபில் இதைப் பற்றித் தெளிவாகப் பேசியவர்களுள் ஒருவர், ரஷ்ய நாட்டின் சாரோவ் மடத்துத் துறவியான மகான் செராஃபிம்.

1831 நவம்பர் இறுதியில், பனி பெய்துகொண்டிருந்த ஒரு நாள், நிகோலாய் மொடோவிலோவ் என்ற நிலக்கிழார் காட்டில் அவருடன் உரையாடினார். அவர் எழுதி வைத்த குறிப்பு 1903-இல் வெளிவந்தது. கிறிஸ்தவ வாழ்வின் இலட்சியம் என்ன என்பது இளமை முதலே மொடோவிலோவை வாட்டிய கேள்வி. 'ஆலயத்திற்குச் செல், கட்டளைகளைக் கடைப்பிடி, நன்மை செய்' என்றே பலரும் அவருக்குக் கூறியிருந்தனர். செராஃபிம் இவற்றை மறுக்கவில்லை. ஆனால் இவை யாவும் சாதனங்களே. பரிசுத்த ஆவியை ஈட்டுவதே இலட்சியம் என்றார். எந்த வாணிகத்தில் இலாபம் மிகுதியோ அதில் வணிகன் முதலீடு செய்கிறான். அதுபோல, பிரார்த்தனை உனக்கு அதிக அருளைத் தருமாயின் அதில் ஈடுபடு. தானம் தருமாயின் அதைச் செய் என்பது அவரது அறிவுரை. அவர் குர்ஸ்க் நகர வணிகர் ஒருவரின் மகன். இந்த உவமை அவருக்கு இயல்பாகவே வந்திருக்க வேண்டும்.

மத்தேயு நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமைக்கும் அவர் புதிய விளக்கம் தருகிறார். ஐவரின் விளக்குகளில் எண்ணெய் போதவில்லை. நற்செயல் இல்லாமையே அக்குறை என்று பலர் கூறுவர். செராஃபிமோ, அவர்களிடம் கன்னிமை என்னும் உயர்ந்த ஒழுக்கமே இருந்ததே என்று கேட்கிறார். ஒழுக்கம் இருந்தது, அருள் சேரவில்லை. சேர்ந்ததா என்று அவர்கள் பார்க்கவுமில்லை. துறவிகளாகிய எங்களுக்கு இவ்விளக்கம் சற்று உறுத்தலானதுதான்.

விவிலியத்தின் எபிரேய, கிரேக்க மூலங்களில் 'ஆவி' என்பதற்கான சொற்கள் காற்றையும் மூச்சையும்கூடக் குறிப்பவை. நம் வாசகர்களுக்குப் பிராணனும் ஆத்மாவும் நினைவுக்கு வரலாம். எனினும் அவசரப்பட்டு அனைத்தையும் ஒன்றெனக் கூறிவிடுதல் நேர்மையாகாது. வேதாந்தி ஆத்மாவைத் தன் உண்மை இயல்பாக அறிய முயல்கிறான். கிறிஸ்தவருக்கோ பரிசுத்த ஆவி இறைவனே. உள்ளே எழுந்தருளி வசிப்பினும், அது தனக்கு அருளப்பட்ட கொடை. கொடையை ஈட்டுவது எங்ஙனம்? முயற்சி கதவைத் திறந்து வைக்கும், அவ்வளவே. அதனால்தான் செராஃபிம், ஆவியானவர் வந்தபின் பிரார்த்தனையையும் நிறுத்திவிட்டு மௌனமாக இரு என்கிறார். விருந்தினர் வந்த பிறகும் 'வாருங்கள், வாருங்கள்' என்று வாசலில் நின்று அழைத்துக் கொண்டிருப்பார் உண்டோ?

ஆவியானவர் தன்னுள் இருப்பதை எவ்வாறு அறிவது என்று மொடோவிலோவ் விடாமல் கேட்டார். அப்போது செராஃபிமின் முகம் சூரியனைப் போல் ஒளிர்ந்ததாகவும், கொட்டும் பனியிலும் தாம் வெம்மையை உணர்ந்ததாகவும் எழுதுகிறார். 'என்ன உணர்கிறாய்?' என்று குரு வினவியபோது அவர் முதலில் சொன்னது ஒளியை அன்று, அமைதியை.

ஒளியைக் கண்டு மயங்குவது எளிது. ஆவியின் கனி என்று புனித பவுல் அன்பில் தொடங்கித் தன்னடக்கம் ஈறாக ஒன்பதைக் கூறுகிறார். அவற்றில் காட்சிகளோ அற்புதங்களோ இல்லை. கிரேக்க மூலத்தில் 'கனி' என்று ஒருமையிலேயே உள்ளது. ஆதலால் பொறுமையை விட்டுவிட்டு ஆனந்தத்தை மட்டும் பறித்துக்கொள்ள வழியில்லை.

செராஃபிமிடம் அக்கனி 1804-லேயே காணப்பட்டது. காட்டில் விறகு வெட்டிக்கொண்டிருந்த அவரைக் கொள்ளையர் பணம் கேட்டுத் தாக்கினர். அவர் உடல் வலிமை மிக்கவர். கையில் கோடரியும் இருந்தது. அதைக் கீழே போட்டுவிட்டுக் கைகளைக் கட்டி நின்றார். குற்றுயிராகும்வரை அவரை அடித்த அவர்கள், குடிலில் தேடியும் பணம் எதையும் காணவில்லை. பின்னர் அவர்கள் பிடிபட்டபோது, தண்டித்தால் தாம் சாரோவை விட்டே போய்விடுவதாகக் கூறி மன்னிப்பு வாங்கித் தந்தார். பல திருவுருவப் படங்களில் இன்றும் அவர் முதுகு வளைந்து, கோலூன்றியே காட்சியளிக்கிறார்.