ஐதிகமும் உரையளவையும்

மெய்ப்பொருள் ஆராயப் புகுவார்க்கு முதற்கண் வேண்டப்படுவது அளவையாம். சிவஞான சித்தியாரின் அளவையியலில் அருணந்தி சிவாசாரியர், அளவை பத்தெனக் கொள்வார் கொள்கையை எடுத்தோதி, அவையாவும் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென முடித்தருளினார். அப்பத்தனுள் ஐதிகமும் ஒன்று. ‘இவ்வாலமரத்திற் பேயுண்டு’ என ஊரார் வழிவழியாகக் கூறி வருதல் அதற்கு எடுத்துக்காட்டாம். கண்டார் யாவர், முதற்கண் சொன்னார் யாவர் என வினவின் விடையில்லை. உரையளவையோ குற்றமற்ற முதல்வனது வாய்மொழி. பழமை ஒன்றே பற்றி ஐதிகத்தை ஆகமத்தோடு ஒப்ப வைத்தல் பெரும்பிழையாம்.

இப்பிழை ஏட்டளவில் நில்லாது என்பதற்கு எமது கரிசல் நாடே சான்று. நம்பியாரூரர் பாடியருளிய திருச்சுழியலுக்கு அணித்தாகிய கமுதியில், 1897-ஆம் ஆண்டு மே மாதம் நாடார் வகுப்பார் சிலர் மீனாட்சி சுந்தரேசுவரர் திருக்கோயிலுட் புகுந்து வழிபட்டனர். அதன் பரம்பரை அறங்காவலராகிய இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதியார் அவர்மேல் வழக்குத் தொடுத்தார். விவேகானந்த அடிகள் 1893-இல் சிக்காகோ செல்ல ஊக்கிய பெருந்தகையும் அவரே. அத்தகையாரையும் வழக்கத்தின் பிடி விட்டிலது. மதுரைச் சார்பு நீதிமன்றம் 1899-இல் சேதுபதியார்க்குச் சார்பாகத் தீர்ப்புரைத்தது. 1908-இல் இலண்டன் பிரிவி கவுன்சிலும் அதனையே நிலைநிறுத்திற்று. தொன்றுதொட்ட வழக்கமே ஆண்டுப் பேராதாரமாயிற்று. கோயில் நுழைவு பற்றிய இத்தகைய பூசலால் 1899 ஜூனில் சிவகாசியில் மூண்ட கலகத்தில் வீடுகள் எரிந்தன, உயிர்களும் மாய்ந்தன.

நீதிமன்றம் வழக்கத்தை உரிமைக்குச் சான்றாகக் கொள்ளலாம். சித்தாந்தி அதனை உண்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. யாமும் இளமையில், ‘இன்னார் இவ்வெல்லையில் நிற்க’ என்னும் ஊர்க்கோயில் வழக்கமொன்றை முன்னோர் நெறியென மாணாக்கர்க்கு உரைத்தோம். முதற்கண் விதித்தார் யாவரென ஒருவன் வினவ, விடையின்றி நின்றோம். அளவையியலைப் பாடஞ்சொல்லியும் அதன் பயனை அடைந்திலேம் என அன்றே உணர்ந்தோம்.

அற்றேல், முன்னோர்வழி வந்தன யாவும் தள்ளத்தக்கனவோ எனின், அன்று. சகலாகம பண்டிதரெனப் பெயர்பெற்ற முதியோராகிய அருணந்தியார், தம்மைக் குலகுருவாகக் கொண்ட குடியில் வளர்ந்த இளம்பிள்ளையாகிய மெய்கண்டாரை அடிபணிந்தார் என்னும் வரலாறும் செவிவழி வந்ததே. எனினும், இருபா இருபஃதில் அவர் தாமே மெய்கண்டாரைக் குருவெனப் போற்றுதலின், அவர்பால் மாணாக்கராயினமை துணியப்படும். ஐதிகத்தை அளந்து கொள்ளும் முறை இதுவாம். அன்றியும், ஆண்டும் குலமும் நோக்கும் வழக்கத்தையே அவர் அளவையாகக் கொண்டிருப்பின், சித்தியார் என்னும் நூலே நமக்குக் கிடைத்திராது.

1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மை சந்நிதி, முன்னர் விலக்கப்பட்டார்க்குத் திறந்தது. 1947-இல் கோயில் நுழைவுச் சட்டமும் நிறைவேறிற்று. கதவு திறந்தமை சட்டத்தின் செயல். உள்ளத்தில் எஞ்சியுள்ள மயக்கம் நீங்குதற்கு அளவையறிவே வேண்டும். ஆதலின் மடங்களிலும் பாடசாலைகளிலும் அளவையியல் பயில்வோர், தத்தம் ஊர் வழக்கமொன்றை எடுத்து, சொன்னார் யாவர், காண்டலுக்கும் கருதலுக்கும் ஒக்குமோ, திருவருளின் இயல்போடு மாறுபடுமோ என ஆராய்ந்து பார்ப்பாராக.