கோடையில் கபடி முகாமா? முதல் வாரம் உஷார்!

முழுப்பரீட்சை முடிந்ததோ இல்லையோ, எங்கள் செஞ்சி வட்டாரத்தில் ஊருக்கு ஊர் கபடிக்குக் கோடு போட்டுவிடுவார்கள். நல்ல விஷயம்தான். பிள்ளைகள் செல்போனை விட்டுவிட்டு மண்ணில் புரளட்டுமே! ஆனால் முகாம் நடத்துகிறவர்களும் பெற்றோரும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் அக்னி நட்சத்திர நாள். முகாம் தொடங்கி இரண்டாம் நாள், காலை பத்து மணி இருக்கும். கவர் ஆடுகிற பதினாறு வயசுப் பையன், நல்ல கனத்த உடம்பு. திடீரென்று உளறினான், தள்ளாடி விழுந்தான். நான் போய்ப் பார்த்தபோது கையில் யாரோ சாவிக்கொத்தைத் திணித்திருந்தார்கள். இன்னொருவர் வாயில் சோடா ஊற்றப் போனார். உடம்பு அனலாய்க் கொதித்தது.

"சோடா வேண்டாம்! பம்புசெட் தொட்டிக்குத் தூக்குங்கப்பா!" என்றேன். தலையைத் தாங்கிப் பிடித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை தண்ணீரில் வைத்திருந்தோம். பிழைத்துக்கொண்டான்.

பையன் மேல் தப்பில்லை. பரீட்சைக்காக இரண்டு மாதம் நிழலில் உட்கார்ந்திருந்த உடம்பை, எடுத்த எடுப்பில் மூன்று மணி நேரம் வெயிலில் விரட்டியதுதான் தப்பு.

கனத்தவர்களுக்கு ஏன் ஆபத்து அதிகம்?

கார்னர், கவர் இடங்களில் பெரும்பாலும் கட்டுமஸ்தான பையன்களை நிறுத்துகிறோம். பெரிய உடம்பில் சூடு அதிகம் உற்பத்தியாகும்; அது வெளியேறுவது மெதுவாகத்தான்.

அமெரிக்கக் கால்பந்திலும் எதிராளியைத் தடுக்கும் முன்வரிசைக்காரர்கள் மலை போல இருப்பார்கள். அவர்களில் ஒருவர் மின்னசோட்டா வைக்கிங்ஸ் அணியின் கோரி ஸ்ட்ரிங்கர், வயது 27. கோடை முகாமின்போது 2001 ஜூலை 31-ல் வெப்பத் தாக்கத்தால் விழுந்தவர், மறுநாள் இறந்துபோனார். 2003-ல் அங்கே கல்லூரி அணிகளுக்கு ஒரு விதி வந்தது: முதல் ஐந்து நாள் தினம் ஒரே ஒரு பயிற்சி, கவசங்களும் படிப்படியாக.

பருவத்துக்கேற்ப உடம்பைப் பழக்குவதைச் சித்த மருத்துவத்தில் கால ஒழுக்கம் என்போம். வெயிலுக்கு உடம்பு பழக 7 முதல் 14 நாள் ஆகும்.

முகாமுக்கு ஒரு திட்டம்

முதல் 2 நாள்: காலை ஐந்தரை முதல் ஆறரை வரை. மெதுவான ஓட்டம், உடம்பை வளைக்கும் பயிற்சி மட்டும். பிடி வேண்டாம்.

3, 4, 5-ம் நாள்: ஒன்றரை மணி நேரம். பிடி, சங்கிலிப் பயிற்சி சேர்க்கலாம். கால் மணிக்கு ஒருமுறை நிழலில் ஓய்வு, தண்ணீர்.

6-ம் நாள் முதல்: முழு ஆட்டம், ஏழரைக்குள். மாலையில் நுணுக்கம் மட்டும் சொல்லிக்கொடுங்கள். செஞ்சியில் சூரியன் சாய்ந்த பிறகும் பாறைகள் அனலைக் கக்கும். தெம்பு வரட்டும் என்று மலையேற விரட்டுவதையும் முதல் வாரம் தள்ளிப்போடுங்கள்.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 60 கிலோ பையன் 1.2 கிலோவுக்கு மேல் குறைந்தால், தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தாலும் அப்படியே. காய்ச்சல், பேதி கண்டவனை முழுசாகத் தேறும்வரை களத்தில் இறக்காதீர்கள்.

என்ன கொடுக்கலாம்?

காலையில் உப்புப் போட்ட நீராகாரம் அல்லது கேழ்வரகுக் கூழ். ஆட்டம் முடிந்ததும் நீர்மோர், பானகம். பகலில் நுங்கு, வெள்ளரி, நன்னாரி சர்பத். வியர்வையோடு உப்பும் போவதால் வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிக்கக் கூடாது.

விழுந்துவிட்டால்?

உளறல், தள்ளாட்டம், மயக்கம், கொதிக்கும் உடம்பு: இவை வெப்பத் தாக்கத்தின் அறிகுறிகள். உடம்பு வியர்த்திருந்தாலும் ஏமாறாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல் உடனே தண்ணீரில் அமிழ்த்துங்கள். தொட்டி இல்லையென்றால் குடம் குடமாக மேலே ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவனுக்கு வாயில் எதுவும் ஊற்றக் கூடாது.

சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்: அந்த நேரத்தில் மூலிகை தேடாதீர்கள். நன்னாரியும் மோரும் வருமுன் காக்கத்தான். வந்துவிட்டால் முதல் மருந்து குளிர்ந்த தண்ணீர், அடுத்தது ஆஸ்பத்திரி.

முதல் வாரம் நிதானமாகப் போனால் கோப்பை ஒன்றும் ஓடிப்போகாது. பிள்ளை பத்திரமாக வீடு திரும்புவான்.